நோயாளியோடு கோப்பும் போகட்டும்!

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

தஞ்சை மாவட்டத்தில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, தஞ்சையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பிரசவத்துக்கு ராஜா மிராசுதார், கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடைத்தெருவில் தனியார் கிளினிக்குகள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸும் ஓடுகிறது; சமுதாய அமைப்புகளின் ஆம்புலன்ஸ்களும் ஓடுகின்றன. பிறகு எதற்குத்தான் பஞ்சம்? ஒரு டாக்டர் செய்ததை அடுத்த டாக்டருக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டுக்குத்தான்!

ராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ ஒரு பெரியவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, ‘தனியாரிடமும் காட்டுங்கள், அத்தா’ என்கிறார். அந்த டாக்டரும் மாத்திரை எழுதுகிறார். அட்டையில் பெயர் வேறு. உள்ளே இருப்பதோ அதே கிளிமிபிரைடு! இரண்டையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நோன்பு நாட்களில் இன்னும் ஆபத்து.

இதில் எந்த டாக்டரைக் குறை சொல்வது? ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்கள் நாம்!

வணிகப் பெருமக்களே! கடைக்குப் பேரேடு வைத்து ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுகிறீர்கள். உங்கள் உடம்புக்கு ஏடு உண்டா? வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வையுங்கள். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தேதி வாரியாக இருக்கட்டும். எந்த மருந்து ஒவ்வாது என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரமளானுக்கு முன்பே மாத்திரை நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் அதிலேயே வைக்கட்டும். அரசு மருத்துவமனையிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அது செல்லும். நெஞ்சுவலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைய முடியுமா?

இளைஞர்களே! மஹல்லாவுக்கு இருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் புறப்படும் முன், போகும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். கோப்பை டாக்டர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

நோய் விசாரிப்பது நம் மீதுள்ள கடமை. விசாரிக்கப் போகும்போது பழம் வாங்கிப் போகிறோம். இனி, ‘கோப்பு எங்கே?’ என்றும் கேட்போம்!