கையெழுத்துக்குப் பிறகு தொடங்கும் கடமை

(போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



துப்புரவு, காவல், மருத்துவமனைப் பராமரிப்பு, கணினிப் பதிவு என அரசுப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்ட்ராக்டுக்கு விடப்படுகின்றன. நிரந்தரத் தொழிலாளி நின்ற இடத்தில் இன்று ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறார். இந்த ஒப்பந்தங்களை நிர்வகிக்க அரசு ஊழியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை கர்மயோகி இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஃபரீதாபாத்தில் உள்ள அருண் ஜெட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் அரசுக் கொள்முதல் குறித்து அதிகாரிகளுக்கு வகுப்பு நடத்துகிறது.

பொதுப்பணத்தைக் கையாள்பவருக்குப் பயிற்சி தேவை. அதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பயிற்சி யாரைக் காப்பாற்றுகிறது என்பதே கேள்வி. ஒப்பந்தம் என்றால் டெண்டர் திறப்பதும் பில்லுக்குப் பணம் கொடுப்பதும் மட்டுமே என்று கற்பித்தால், இடையில் உழைத்தவர் பாடத்திலேயே இடம்பெற மாட்டார். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை கிடைக்கிறது. குறைந்தபட்சக் கூலியோ சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. அப்படியானால் ஒப்பந்ததாரர் குறைத்துக்காட்டிய தொகை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கூலியிலிருந்தும் வருங்கால வைப்புநிதியிலிருந்துமே வரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரியாத அதிகாரி, பயிற்சி பெற்றவர் ஆகமாட்டார்.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதைத் தெளிவாகவே சொன்னது. கூலி வழங்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி நேரில் இருந்து சான்றளிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும். அரசுத் துறை வேலையை விட்டால் அந்தப் பொறுப்பு அரசுத் துறையினுடையது. ஒப்பந்த மேலாண்மையின் முதல் பாடமாக இருக்க வேண்டியது இதுவே.

2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்தப் பழைய சட்டத்தை விழுங்கியது. 20 தொழிலாளர் என்ற வரம்பு 50 ஆக உயர்த்தப்பட்டது. நேரில் நின்ற சாட்சிக்குப் பதிலாக, கூலி வங்கி வழியே தரப்பட்டதாக ஒப்பந்ததாரர் மின்னணு முறையில் தெரிவிப்பது போதும் என்றாகிவிட்டது.

மேற்பார்வை தவறினால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. பள்ளி, மருத்துவமனை, சிறைப் பணிகளை ஏற்றிருந்த கேரிலியன் நிறுவனம் 2017 ஜூலையில் தன் நெருக்கடியைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அடுத்த வாரமே அதன் கூட்டணிக்கு அதிவேக ரயில்பாதை ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2018 ஜனவரியில் நிறுவனம் திவாலானபோது சுமார் 43,000 ஊழியர்களின் வாழ்வு கேள்விக்குறியானது.

போனக்காடு அரசு ஒப்பந்தம் அல்ல, தனியார் தோட்டம். ஆயினும் இதன் பாடமும் அதுவே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. குடியிருப்பு இடிந்து விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரவேண்டியவரும் அவரே. கண்காணிக்க ஆய்வாளர்களையும் அச்சட்டம் ஏற்படுத்தியது. ஆனால் அகத்தியமலை அடிவாரத்தில் கண்முன் இருப்பவை ஓய்ந்துபோன தேயிலை ஆலையும், சிதிலமடைந்த லயங்களும், கூலி பாக்கியும், கிராஜுவிட்டிக்கான காத்திருப்புமே. தமிழகத்திலிருந்து வந்து இந்த மலையைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சியது இதுதான். சட்டத்தில் வாசகம் இருந்தது. அதை நாள்தோறும் நிறைவேற்ற வைக்கும் கை இல்லை.

எனவே பயிற்சியை எதிர்ப்பது கட்சியின் வேலையாக இருக்க முடியாது. அதன் உள்ளடக்கத்திற்காகப் போராடுவதே வேலை. தொழிலாளர் சட்டம் ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் இடம்பெற வேண்டும். கூலிப் பதிவேட்டைச் சரிபார்க்காமல் இறுதி பில் வழங்கக் கூடாது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஒப்பந்தத்திற்கு விடவே கூடாது.

அதிகாரி மட்டும் கற்றால் போதாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அரசு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டுப் பெறவும், அதன் விதிகளைப் படிக்கவும், மீறலைத் தேதியோடு குறித்து வைக்கவும் ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் பழக வேண்டும். வடகரையில் 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஒப்பந்தத்தை எடுத்து நடத்தவே தொழிலாளரால் முடியும் என்று நூறாண்டுகளாகக் காட்டிவருகிறது. எடுத்து நடத்தத் தெரிந்த வர்க்கத்திற்குத் தணிக்கை செய்யவும் தெரியும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் நாளோடு அரசின் கடமை முடிவதில்லை; அன்றுதான் தொடங்குகிறது. அதை அரசுக்கு நினைவூட்டும் கடமை தொழிலாளி வர்க்கத்திற்கு உண்டு.