கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்

(பரமத்தி வேலூரில் அமைப்புத் தோழர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. கவிதை எழுதுகிறவள், வயிற்றுப் பிழைப்புக்குப் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள். வீட்டுக்குள் அடிபடுகிற ஊனமுற்ற பெண்களுக்கு நம் அமைப்புகள் எப்படித் துணை நிற்பது என்று பேசச் சொன்னீர்கள். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு வாயாகவும் காலாகவும் இருக்கிறவர் யாரோ, அவரேகூட அடிக்கிறவராக இருக்கலாம்.

நடக்க முடியாதவள் ஸ்டேஷனுக்குப் போகணும்னா அண்ணன் வண்டியிலதான் போகணும். காது கேளாதவள் சைகையில் சொல்வதைப் போலீசுக்கு எடுத்துச் சொல்வது மாமியார். அப்புறம் புகாரில் என்ன இருக்கும்? அதனால் பயிற்சியின் முதல் பாடம் இது: கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவளிடம் தனியாகப் பேசுங்கள்.

2021 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றம் பட்டான் ஜமால் வலி வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வை இல்லாத தலித் பெண். 2011இல் தன் வீட்டிலேயே வன்புணர்வுக்கு ஆளானார். செய்தவன் அண்ணன்மாரின் கூட்டாளி. அந்தப் பெண் குரலை வைத்து ஆளை அடையாளம் சொன்னார், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊனத்தைக் காட்டிச் சாட்சியத்தைக் குறைவாக எடைபோடக் கூடாது என்றது. சாதி, பால், ஊனம் மூன்றும் ஓர் உடலில் பின்னிக் கிடக்கின்றன என்றது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், போலீஸ் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்றது. ஆயுள் தண்டனை நின்றது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நிற்கவில்லை. சாதியின் காரணமாக நடந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லையாம். பாதிக்கப்பட்டவர் தலித் என்று தெரிந்து செய்திருந்தாலே போதும் என்கிற திருத்தம் 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அங்கே செய்தவன் வெளியாள். நம்ம வளவுக்குள்ள நம்ம ஆளே அடிச்சா? வன்கொடுமைச் சட்டம் அங்கே வராது. உடனே நம் தோழர்கள் 'குடும்ப விவகாரம்' என்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரன் கேட்டா இளப்பமாப் பேசுவான்னு மூடி மறைக்கிறோம். யார் உடம்பின் மேல் ஏறி நின்று இந்த மானத்தைக் காப்பாற்றுகிறோம்?

வீட்டுக்குள் நுழைகிற சட்டங்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. புருஷன் மேல் மட்டுமில்லை, ஒரே வீட்டில் வாழும் அப்பன், அண்ணன் மேலும் மனுப் போடலாம். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடப்பவளுக்கும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92ஆம் பிரிவு: தன் பொறுப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே சோறு தண்ணி கொடுக்காமல் வைப்பதும், ஊன்றுகோலையோ காது மெஷினையோ உடைப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அதே பிரிவில் இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் நாலு பேர் பார்வையில் நடந்திருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கிட்டு 'நொண்டி'ன்னு திட்டினா அந்தப் பிரிவு உதவாது. குடும்ப வன்முறைச் சட்டம் உதவும். அது வசையையும் வன்முறை என்கிறது.

என் கவுண்டரில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். உதவித்தொகை அவள் பேரில் வருகிறது. ஏடிஎம் கார்டு தம்பி பாக்கெட்டில். ரேகை வைக்க மட்டும் அவளை ஆட்டோவில் ஏற்றி வருகிறார்கள். பணத்தை அவள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. 'நாங்கதானுங்க சோறு போடறோம்' என்பார்கள். இப்படிப் பணத்தைப் பிடுங்குவதும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வன்முறைதான். பார்வையற்றவருக்குச் செக் புக், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அவள் பணம் அவள் கைக்குப் போகிறதா என்று கேட்க வங்கிக்காரர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

இனி அமைப்புகள் செய்ய வேண்டியது. கொடிக்காலுக்கும் கரும்பாலைக்கும் வீடே கூலிக்குப் போனபின் தனியாகக் கிடப்பவளைப் போய்ப் பாருங்கள். சைகை மொழி தெரிந்தவர் யார், நாமக்கல்லில் யார், சேலத்தில் யார் என்று முன்கூட்டியே பட்டியல் வைத்திருங்கள். பள்ளிக்கூடம் போகாத காது கேளாத பெண்ணின் சைகை வீட்டாருக்கு மட்டுமே புரியும். படம் வரைந்து, பொம்மை வைத்து, பொறுமையாகக் கேளுங்கள். மனவளர்ச்சி குன்றியவளிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். பதிலை நீங்களே வாயில் ஊட்டாதீர்கள். 'வெளியே வந்துரு'ன்னு சொல்லும் முன், தங்கும் விடுதியில் அவள் போகிற மாதிரி கக்கூஸ் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். சான்றிதழ், பாஸ் புக், மாத்திரை, ஊன்றுகோல் நாலும் அவளோடு வர வேண்டும். 181க்குப் போன் பண்ணு என்கிறோம். பேச்சு வராதவள் எப்படிப் பண்ணுவாள்? அவளுக்கு வேறு வழியை நாம்தான் அமைத்துத் தர வேண்டும். பதிவு பெற்ற அமைப்புகள் சேவை வழங்குநராகப் பதிந்துகொண்டால், சம்பவ அறிக்கையை நாமே எழுதி நீதிமன்றத்துக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது.

2010இல் ஊனமுற்றோர் என்பதை அரசு மாற்றுத்திறனாளி ஆக்கியது. நமக்கும் ஒரு காலத்தில் 'ஹரிஜன்' என்று பேர் வைத்தார்கள். பேரை மாத்தினதால அடி நின்னுச்சா? நின்றதெல்லாம் நாமே எழுந்து பேசியதால்தான். அவர்களும் பேசுவார்கள். பயிற்சி கொடுக்க வேண்டியவர்களும் அந்தப் பெண்கள்தான். அடுத்த கூட்டத்தை மாடியில் போடாதீங்க தோழர்களே.

ஜெய்பீம்.