நீதிபதி கொடுக்காத முன்ஜாமீன்



ஈப்போ உயர் நீதிமன்றம் 2014 மே 30இல் பிறப்பித்த கைது ஆணை ஒன்று பத்தாண்டுகளைக் கடந்தும் நிறைவேற்றப்படாமல் கிடப்பது, சட்டத்தை நம்பி வாழும் ஒவ்வொரு தாய்க்கும் இழைக்கப்பட்ட அவமானமாகும். பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009இல் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றி, 11 மாதக் கைக்குழந்தை பிரசன்னா டிக்சாவைத் தூக்கிச் சென்றார். பிள்ளைகள் தாயிடமே வளர வேண்டும் என்று 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் குழந்தையை ஒப்படைக்காததால், நீதிமன்ற அவமதிப்புக்காக அந்த ஆணை பிறந்தது. ஆணை இருக்கிறது, கைது இல்லை.

முன்ஜாமீன் என்பது, கைதாவோம் என்று அஞ்சுகிறவர் கைதாவதற்கு முன்பே நீதிமன்றத்தில் பெறும் பாதுகாப்பு ஆகும். இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு அதற்கு இடமளித்தது. ஆயினும் வாரண்டுக்குத் தப்பி ஒளிந்து, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் அச்சலுகைக்கு உரியவரல்லர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ அப்படியொரு பிரிவே இல்லை. சட்டத்தில் இல்லாத முன்ஜாமீனை, எந்த நீதிபதியும் கையொப்பமிடாமலே, போலீசின் கைகட்டி நிற்றல் வழங்கிவிட்டது!

உயர் நீதிமன்றமும் ஷரியா நீதிமன்றமும் இருவேறு ஆணைகள் இட்டனவே என்று கைவிரிப்போரின் வாதம், இரண்டு கடிகாரங்கள் இரண்டு மணி காட்டுவதால் பொழுதே விடியவில்லை என்று போர்வையை இழுத்து மூடுகிறவனின் வாதமாகும். அந்தப் போர்வையையும் கூட்டரசு நீதிமன்றம் 2016 ஏப்ரல் 29இல் உருவிவிட்டது. கைது ஆணையை நிறைவேற்றுமாறு தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கே அது உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29இல் பிள்ளைகளின் மதமாற்றமும் செல்லாது என்றது. அப்போதும் ஆணை இருந்தது, கைது இல்லை.

தைப்பிங்கில் 1879இல் எழுந்த சிறைச்சாலையை ஒவ்வொருவரும் அறிவர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்படும் வரை, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுவது சிறைக்குரிய குற்றமாக இருந்தது. தொலைபேசியும் மோட்டாரும் அரிதாயிருந்த அக்காலத்திலும் ஓடிய கூலியைத் துரைமாரின் ஆட்சி தேடிப் பிடித்தது. இன்று சமன் பாக்கி வைத்த மோட்டார் சைக்கிள்காரரைச் சாலைத் தடுப்பில் கண்டுகொள்ளும் கண்களுக்கு, ஒரு குழந்தையோடு மறைந்த மனிதர் மட்டும் தென்படவில்லையாம்! ஏழையின் கதவைத் தட்டும் கை இந்த ஆணையை ஏந்தும்போது மட்டும் ஏன் தளர்கிறது?

வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரையும், அந்த ஆணை என்ன ஆயிற்று என்று கேளாமல் தைப்பிங் மக்கள் வாசலைத் தாண்ட விடக்கூடாது. ஆணையை நிறைவேற்றுக, மகளைத் தாயின் கண்ணில் காட்டுக!