மலர் தூவிய மறுநாள்



2020 மே 3 அன்று, கொரோனா நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவமனைகள் மேல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மலர் தூவின. மறுநாள் அக்னி நட்சத்திரம் பிறந்தது. அன்று ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் ஊர் திரும்பிய நேரம் அது. அவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பேசியவர்கள் உண்டு. வேலை போன பிறகு அவர்கள் வேறெங்கே போவார்கள்?

அவர்களை மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கடலோரப் புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே சட்டை நனைந்துவிடும். அதில் தலை முதல் கால் வரை கவச உடை. மாட்டிவிட்டால் ஷிப்ட் முடியும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது, கழிப்பறைக்கும் போக முடியாது. மாதவிலக்கு நாளிலும் செவிலியர்களுக்கு அதே கதிதான். கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். இரட்டைக் கையுறை போட்ட விரலால் நரம்பைத் தடவிப் பார்த்து ஊசி குத்த வேண்டும். உறவினர் நுழைய முடியாத வார்டில் கஞ்சி ஊட்டியவர்களும் அவர்கள்தான். வீட்டுக்குப் போன் போட்டு நோயாளியின் காதில் வைத்தவர்களும் அவர்கள்தான். வீடு திரும்பினால் பெற்ற பிள்ளையைத் தொடப் பயம்.

அதே மாவட்டத்தில், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த நோயாளிகள் இருந்தார்கள். இந்தக் கல்லூரி இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இலேயே அரசு சட்டம் போட்டுத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் இங்கே எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய்தான். தொற்றுக் காலம் முழுக்க வார்டில் நின்ற பயிற்சி மருத்துவர்களும் மேற்படிப்பு மருத்துவர்களும் மாணவர்களோடு சேர்ந்து 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவர்கள் நகரவில்லை. 2021 ஜனவரிக் கடைசியில், ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்து, கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கட்டணமும் பிறகு குறைந்தது. உயிரைப் பணயம் வைத்த பிள்ளைகளை அத்தனை நாள் தெருவில் உட்கார வைத்திருக்கவே கூடாது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சில மாதத்தில் இரண்டாம் அலை வந்து படுக்கைகள் மறுபடி நிரம்பின. டாக்டர்களைப் பற்றியாவது செய்தி வந்தது. வார்டைக் கழுவி, இறந்தவர்களை உறையிட்டுக் கட்டி வண்டியேற்றிய தூய்மைப் பணியாளர்களைப் பற்றி அதுவும் அதிகம் வரவில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். பணி நிரந்தரம் வேண்டும் என்று அப்போதும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையை அவர்கள் இன்னும் விடவில்லை.