காலை வெளிச்சமும் நீங்காத அசதியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேதியியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவனை அசதியைப் பற்றிப் பேச மேடை ஏற்றியிருக்கிறீர்கள். பொருத்தம்தான்! அன்று தூங்கியது சோம்பல். ஒத்துக்கொள்கிறேன். இன்று சொல்லப்போகும் அசதி வேறுங்க.

முப்பது வருடம் இந்த ஊர்ச் சாயப்பட்டறை லேபில் ஷேட் பார்த்தவன் நான். 2017-ல் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய் என்றார்கள். கோயம்புத்தூரில் ஆறு மாதம் கீமோ. முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. ஸ்கேன் சுத்தம் என்று டாக்டர் கை கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம்தான் கதையே. ஒரு வருடம் ஆகியும் உடம்பு எழவில்லை. மாடி லேபுக்கு ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை விழிப்பு. பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கை. பார்க்க வந்தவர்கள், "அதான் சரியாப் போச்சுங்களே, இன்னும் என்னங்க அசதி?" என்பார்கள். ஒரு நாள் லைட் பாக்ஸ் முன்னால் நின்று, இரண்டு நீலத்துக்கு வித்தியாசம் தெரியாமல் ஓகே போட்டுவிட்டேன். ஒரு லாட் முழுக்க மறுபடி சாயத்துக்குப் போனது. யாரும் திட்டவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நானே வேலையை விட்டு வந்துவிட்டேன்.

அடுத்த செக்-அப்பில் டாக்டரிடம் சொன்னேன். "இது உங்க மனப்பிரமை இல்லீங்க. இதுக்குப் பேரே இருக்குது, புற்றுநோய் சார்ந்த அசதி" என்றார். படுத்து ஓய்வெடுத்தாலும் இது தீராது. சிகிச்சை முடிந்து வருடக்கணக்கில் நீடிப்பவர்களும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, வலி, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு இவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்; எதுவும் பெரிதாக இல்லை. பிறகு கேட்டார்: "காலைல வெளிச்சம் உங்க கண்ணுல படுதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சத்தோடேயே பிழைத்தவனிடம் இந்தக் கேள்வி! ஆனால் அவர் சொன்னது வேறு. பார்வைக்கான செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்லும் செல்களும் நம் கண்ணில் இருக்கின்றன. இதை 2002-ல்தான் விஞ்ஞானிகள் தெளிவாகக் காட்டினார்கள். மூளையில் உள்ள உடல் கடிகாரம் அந்தச் செய்தியை வைத்துத்தான் தூக்கத்தையும் விழிப்பையும் நேரப்படுத்துகிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2017-ல், நான் கீமோ ஏற்றிக்கொண்ட அதே வருடம். நானோ பகலை இருட்டாக்கி, ராத்திரியில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் என்ன செய்யும் பாவம்!

பையர் ஆடிட்டுக்கு வருபவர்கள் செக்கிங் டேபிளில் மீட்டர் வைத்து லக்ஸ் அளப்பார்களே, அந்தக் கணக்கில் சொல்கிறேன். வீட்டு டியூப்லைட் நூறு, இருநூறு லக்ஸ். மேகமூட்டமான காலையில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இதை வைத்து ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. கனடாவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 81 பேரைத் தினமும் அரை மணி நேரம், நான்கு வாரம் விளக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, மங்கிய சிவப்பு விளக்கைவிடப் பளீரென்ற வெள்ளை விளக்கு அசதியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் நெதர்லாந்தில் என்னைப் போன்ற லிம்ஃபோமாக்காரர்கள் 166 பேரிடம் செய்த சோதனையில், பளீர் விளக்குக்காரர்களும் மங்கல் விளக்குக்காரர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். விளக்கா, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்த ஒழுங்கா, எது உதவியது? சந்தேகம் தீரவில்லை. ஆகவே வெளிச்சம் கைகண்ட மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். நடையும் உடற்பயிற்சியும்தான் இன்றும் மருத்துவர்கள் முதலில் சொல்வது.

லேபில் வேலை செய்யும் தம்பிகள் நினைப்பது புரிகிறது: "நம்ம லைட் பாக்ஸிலேயே டி65 பகல் வெளிச்சம் இருக்குதே!" வேண்டாம் சாமி. அது துணிக்கு, அதில் யூ.வி. குழலும் இருக்கும். கண்ணில் கோளாறு உள்ளவர்களும், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் சிகிச்சை விளக்கையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சூரியனையும் நேராகப் பார்க்கக் கூடாது.

நான் செய்தது இவ்வளவுதான். காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி வெளியே நடை. முதல் வாரம் தெருமுனை வரைக்கும்தான். பகலில் ஜன்னல் திறந்திருக்கும். தூக்கம் அரை மணிக்கு மேல் இல்லை. மூன்று மாதத்தில் மாடிப்படி ஒரே மூச்சில் ஏறினேன். வெளிச்சமா, நடையா, காலமா, எது என்னைத் தூக்கியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பழைய முழு பலம் வரவும் இல்லை. ஆனால் இப்போது அரை நாள் ஷேட் பார்க்கிறேன். இரண்டு நீலமும் தெரிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் கம்பெனி முதலாளிகள் பலர் இருக்கிறீர்கள். சிகிச்சை முடிந்து ஓர் அக்காவோ அண்ணனோ வேலைக்குத் திரும்பி வந்தால், ஒன்றரை ஷிப்டும் நைட்டும் கொடுக்காதீர்கள். ஜன்னலோரம் ஒரு டேபிள், கொஞ்ச நாளைக்கு அரை நாள் வேலை, பிசிறு வெட்டுவது போல உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள். "சோம்பேறி ஆயிட்டாங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாளைக் காலை கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிப் போங்கள்.