கூத்தும் நம்ம கடன் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு கிராமியக் கலையும் பெண்களும். இன்னைக்கு ராத்திரி விழாவில் கூத்து வச்சிருக்கோம், அதனால ஒரு கூத்துக்காரர் வீட்டுப் பொம்பளை பேசட்டும்னு தலைவி அக்கா சொன்னாங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ராத்திரி ஆடப் போறது எங்க வீட்டுக்காரர் குழு இல்லை, வேற ஊர்க் குழு. அதனால நான் தைரியமாகவே பேசலாம்.

நான் மேடை ஏறி ஆடினதும் இல்லை, பாடினதும் இல்லை. பத்தாவது படிச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் துரியோதனன் வேஷம் கட்டுறவர். பதினாலு பேர் உள்ள குழுவை நடத்துறார். அந்தக் குழுவோட வரவு செலவு நோட்டு பதினாறு வருஷமா என் கையில்தான் இருக்கு. கலையைப் பற்றிக் கொஞ்சமும் கணக்கைப் பற்றிக் கொஞ்சமும் பேசுறேன்.

நீங்க பார்க்கிற கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்குது. எங்க வீட்டில் அது மத்தியானமே ஆரம்பிச்சிடும். பெட்டியைத் திறந்து கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாத்தையும் வெளியே வைப்போம். லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டினது அது. ஒரு கண்ணாடித் துண்டு உதிர்ந்திருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டைப் பல்லு மாதிரி தெரியும். அதை ஒட்டுறது என் வேலை. கிழிஞ்ச பாவாடையைத் தைக்கிறது, முந்தின நாள் வியர்வையில் ஊறின சட்டையை அலசிப் போடுறது, சலங்கையில் அறுந்த கயிற்றை மாத்துறது, இதெல்லாமும்தான். எந்தக் கூத்துக் குழுவிலும் வீட்டுப் பொம்பளைங்க செய்யிற வேலைக்குப் பங்கு போடுறது கிடையாது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வேஷம் கட்டவே ரெண்டு மணி நேரம் ஆகும். துரியோதனனுக்கு முகம் சிவப்பு. இடுப்பில் பழைய புடவைகளைச் சுருட்டிக் கட்டி, அதுக்கு மேல பாவாடையைக் கட்டினாதான் சுத்தும்போது குடை மாதிரி விரியும். அவ்வளவு சுமையோட திரைக்குப் பின்னாடி நின்னு பாடி, திரையை விலக்கி வெளியே வந்து கிறுகிறுன்னு சுத்தணும். சுத்திக்கிட்டே பாடணும். மூச்சு வாங்கக் கூடாது. விடியிற வரைக்கும் இதுதான். காலையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்னா தொண்டையிலிருந்து பேச்சு வராது, கையாலதான் தண்ணி கேப்பார். சாயந்திரம் அடுத்த ஊர்.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்னு நம்ம பக்கம் ஒரு சொலவடை இருக்கு. கூத்தாடிக்கு எப்ப விடியும்னு இருக்கும், கூலிக்காரனுக்கு எப்பப் பொழுது சாயும்னு இருக்கும். ரெண்டு பேரையும் ஒரே வரியில் சேர்த்து வச்ச பெரியவங்களுக்கு இது ரெண்டும் வேலைதான்னு தெரிஞ்சிருக்கு. ஆனா 'கூத்தாடி'ங்கிற வார்த்தையை நம்ம வசவாத்தானே சொல்றோம்? கல்யாணம் ஆகி வந்த புதுசில் தண்ணிக் குழாயில் என்னையும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.

இந்தக் கூத்தாடிகளைத் தேடி மெட்ராஸிலிருந்து ஒருத்தர் வந்த கதையைச் சொல்றேன். அவர் பேர் ந. முத்துசாமி. தஞ்சாவூர்ப் பக்கம் புஞ்சைங்கிற ஊரில் 1936இல் பிறந்தவர். சிறுகதை எழுதிக்கிட்டு இருந்தவர், நாடகமும் எழுதினார். நம்ம செய்யாறு பக்கம் புரிசைன்னு ஊர் இருக்கே, அங்கே தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையா கூத்து ஆடுறாங்க. அவங்க கூத்தைப் பார்த்த பிறகு முத்துசாமி ஐயாவுக்கு, தமிழ் நாடகத்துக்கு வேரு இங்கதான் இருக்குன்னு தோணியிருக்கு. 1977இல் கூத்துப்பட்டறைன்னு ஒரு சின்ன நாடகக் குழுவை ஆரம்பிச்சார். பேரிலேயே கூத்து இருக்கு, பட்டறையும் இருக்கு. கொல்லன் பட்டறை மாதிரி அடிச்சு அடிச்சுப் பழகுற இடம்.

அவங்க நம்ம கூத்தை அப்படியே எடுத்து மேடையில் ஆடலை. புரிசை கண்ணப்பத் தம்பிரான்கிட்ட அடவும் பாட்டும் குரல் எடுப்பும் கத்துக்கிட்டு, புதுசா எழுதின நாடகங்களைப் போட்டாங்க. நாற்காலிக்காரர், சுவரொட்டிகள், இங்கிலாந்துன்னு முத்துசாமி ஐயா எழுதின நாடகங்கள் இருக்கு. அதில் ராஜாவும் கிடையாது, கிரீடமும் கிடையாது. ஆனா உடம்பைப் பயன்படுத்துற விதமும், கூட்டத்தைப் பார்த்து நேரா பேசுற தைரியமும் தெருவில் ஆடினவங்ககிட்ட இருந்து வந்தது. சினிமாவில் நீங்க பார்க்கிற பசுபதி, கலைராணி எல்லாம் அந்தப் பட்டறையில் பழகினவங்க. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுற வேலையில் இருந்தவர். அதைக் கேட்டதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். கணக்கு நோட்டு எழுதினவங்களும் உருப்படலாம் பாருங்க!

2012இல் முத்துசாமி ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. 2018இல் காலமாயிட்டார். அவர் செஞ்சதில் எனக்குப் பெரிசாப் படுறது ஒண்ணு. நடிகர்னா ராத்திரி வந்து ஆடிட்டுப் போறவன் இல்லை, தினமும் பழகணும், அதுவே அவனுக்கு முழு நேர வேலையா இருக்கணும்னு நினைச்சு முழு நேர நடிகர்களை வச்சுக் குழு நடத்தினார். கலைஞருக்கு ஆடாத மாசத்திலும் சாப்பாடு வேணும்கிறதை அவர் புரிஞ்சுக்கிட்டார்.

காஞ்சிபுரம் பக்கத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். பெருங்கட்டூர் இராஜகோபால்னு ஒரு கூத்து வாத்தியார், சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கூத்துக்கு வந்தவர். மத்த கலைஞர்களோட சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பிச்சார். தெருக்கூத்துன்னு சொன்னா தெருவில் கிடக்கிற சாமான் மாதிரி கேக்குதுன்னு, இந்தக் கட்டை அணிகளை வச்சு 'கட்டைக்கூத்து'ன்னே பேர் வச்சாங்க. 2002இல் ஒரு குருகுலம் வந்தது. பிள்ளைங்க அங்கேயே தங்கிப் பாடமும் படிக்கணும், கூத்தும் பழகணும். படிப்பை விட்ட வலி தெரிஞ்சவர் ஆச்சே. பழைய பாரதக் கதையோட புதுக் கூத்துகளும் எழுதினார்.

அந்தக் குருகுலத்தில் பெண் பிள்ளைங்களையும் சேர்த்தாங்க. நம்ம கூத்தில் திரௌபதிக்கும் பொன்னுருவிக்கும் ஆம்பளைங்கதான் சவுரி முடி வச்சு, புடவை கட்டுவாங்க. துகில் உரியிற கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுக்கிட்டுத்தான் தொடுவார். அவ்வளவு பயபக்தி. கீழே உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க எல்லாரும் முந்தானையில் கண்ணைத் துடைப்போம். அழுறது நம்ம, ஆடுறது அவங்க. அந்தக் குருகுலத்துப் பெண்கள் திரௌபதி வேஷம் மட்டும் இல்லை, கிரீடமும் புஜக்கட்டையும் வச்சு ராஜா வேஷமும் கட்டினாங்க. 2020இல் குருகுலம் மூடியாச்சு. ஆனா அங்கே பழகின பெண்கள் தனியாக் குழு வச்சு ஆடுறாங்க. ராத்திரி முழுக்க வெளியூரில் ஆடிட்டு வர்ற பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா, கிடைச்சா ஆட விடுவாங்களான்னு ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு சண்டை நடந்திருக்கும்! எட்டாவது படிக்கிற எங்க பொண்ணு அடுப்படியில் கர்ண மோட்சம் பாடுது. எங்க அத்தை கதவைச் சாத்துறாங்க. நான் திறந்து விடுறேன்.

சரி, கணக்குக்கு வரேன்.

எங்க குழுவுக்கு ஒரு ராத்திரிக்கு 28,000 ரூபாய். வேன் வாடகை 4,500. அரிதாரம், பூ, கற்பூரம் 500. மீதி 23,000. பதினாலு பேருக்குத் தலைக்கு 1,500 போனா 21,000. பாக்கி 2,000 அணி, சாமான் பராமரிப்புக்கு. மாசியில் ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் அம்மன் கோயில் பாரதம், திருவிழான்னு 75 ராத்திரி கிடைச்சா நல்ல வருஷம். ஒரு ஆளுக்கு 1,12,500. அது ஆறு மாச வருமானம். ஆவணி பிறந்தா மேளம் படுத்துடும். யாராவது பெரியவர் காலமாகி, காரியத்துக்குக் கர்ண மோட்சம் வச்சா உண்டு. சாவு வந்தாதான் சோறுன்னு இருக்கிறது ரொம்பக் கொடுமை. எங்க வீட்டுக்காரர் அந்த மாசங்களில் செங்கல் சூளைக்கும் மூட்டை தூக்கவும் போறார். துரியோதனன் மூட்டை தூக்குறாருன்னு சின்னப் பிள்ளைங்க சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

இப்ப நம்ம கடனைப் பாருங்க. எந்த மாசமானாலும் ஒரே தவணை. எங்க குழுவில் கூத்துக்காரர் வீடு மூணு. அதில் ஒரு தங்கச்சி முகவீணை வாசிக்கிறவர் மனைவி. கூட்டமைப்பில் வாங்கின கடனுக்கு மாசம் 2,000 கட்டணும். ஆனி, ஆடி வரைக்கும் தேதி தவறாமல் கட்டினா. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூணு மாசம் கட்ட முடியலை. கூட்டத்தில் அவ பேரைச் சத்தமா வாசிச்சாங்க. அடுத்த வாரம் கந்து வட்டிக்கு வாங்கி மூணு தவணையையும் மொத்தமா கொண்டு வந்து வச்சா. அப்புறம் குழுவுக்கு வரலை. நம்ம தீர்மானப் புத்தகத்தில் 'தவணை வசூல் ஆனது'ன்னு எழுதியிருக்கு. ஒரு உறுப்பினர் போனது அதில் எழுதலை. கந்து வட்டியிலிருந்து வெளியே வரத்தானே நாம குழு சேர்ந்தோம்?

இன்னொரு வீட்டில் அணி செய்ய, புதுப் பெட்டி வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாங்க. தொழில் என்னன்னு எழுதற இடத்தில் கூத்துன்னு எழுதினதும், இது தொழிலான்னு கேட்டுட்டு, மாடு வாங்கன்னு எழுதச் சொல்லி அனுப்பினாங்களாம். மாட்டைக் கட்ட அவங்களுக்கு இடமும் இல்லை.

அதனால நான் கேக்கிறது இதுதான். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் ஆறு மாசம் தவணை 4,000 வாங்குங்க. மொத்தம் 24,000. ஆவணியிலிருந்து தை வரைக்கும் வட்டியும் சேமிப்பும் மட்டும் வாங்குங்க. மாசம் 2,000 வீதம் பன்னிரண்டு மாசத்துக்குக் கூட்டினாலும் அதே 24,000தான். மாசியில் கடன் கொடுத்தா அசல் நமக்குச் சீக்கிரமாவே திரும்பும். பயிர்க் கடனுக்கு அறுப்பு வரைக்கும் காத்திருக்கிறாங்க இல்லையா, அந்த மாதிரி.

பொருளாளர் அக்கா என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வங்கிக் கடனுக்கு மாசா மாசம் நாம கட்டியாகணுமே, அதை யார் கட்டுறதுன்னு கேப்பாங்க. நியாயம்தான். அதனால வங்கி இணைப்புக் கடனில் இதைக் கேக்கலை. கூட்டமைப்போட சொந்த நிதியில் கொடுக்கிற கடனுக்கு மட்டும் கேக்கிறேன். அப்படிச் செஞ்சா சூளைக்குப் போறவங்க, கரும்பு வெட்டப் போறவங்க எல்லாரும் கேப்பாங்களேன்னு சொல்லலாம். கேக்கட்டும். அவங்களுக்கும் வருமானம் வர்ற மாசமும் வராத மாசமும் இருக்குதே.

இன்னொரு சின்ன விஷயம். ராத்திரி ஆட வர்றவங்களுக்குப் பேசின தொகையை, அவங்க காலையில் வேன் ஏறுறதுக்கு முன்னாடி முழுசா கையில் கொடுத்துடுங்க. பாக்கியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்ற ஊரு நிறைய இருக்கு. அடுத்த வாரம் போனா தர்மகர்த்தா ஊரில் இருக்க மாட்டார். எங்க நோட்டில் ஆறு வருஷத்துப் பாக்கி ஒண்ணு இன்னும் நிக்குது.

தீர்மானத்தை நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன், வாசிக்கிறேன். "பருவ வருமானம் உள்ள உறுப்பினர்களுக்கு, கூட்டமைப்பின் சொந்த நிதியிலிருந்து வழங்கும் கடனில், வருமானம் வரும் மாதங்களில் கூடுதல் தவணையும் மற்ற மாதங்களில் வட்டியும் சேமிப்பும் மட்டும் வசூலிப்பது என்றும், கடன் விண்ணப்பத்தில் கூத்து, மேளம், முகவீணை ஆகியவற்றைத் தொழிலாக எழுதிக்கொள்வது என்றும் தீர்மானிக்கப்படுகிறது." முன்மொழிபவர் இடத்தில் என் பேரைப் போட்டிருக்கேன். வழிமொழிபவர் இடம் காலியா இருக்கு. பேனா இந்த மேஜை மேலேயே வச்சிருக்கேன், யார் வேணும்னாலும் வாங்க.