சதுப்பு நிலத்துக்கு மானியம்



தோட்டத்தில் பள்ளக்காடு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கொசுவும் அட்டையும் வேறு. கான் வெட்டித் தண்ணீரை வடியவிட்டால்தான் மரம் பிழைக்கும். தண்ணீர் நிற்கும் நிலம் வீண் நிலம் என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படியிருக்க, "இந்தச் சேற்றை வடிக்க வேண்டாம், இப்படியே விட்டுவையுங்கள், பணம் தருகிறோம்" என்று ஓர் அரசாங்கம் சொன்னால்? நாங்கள் இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் இது உண்மையாகவே நடக்கிறது.

அந்த நாடும் முதலில் நம்மைப் போலத்தான் நினைத்தது. 1849, 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் மத்திய அரசின் சதுப்பு நிலங்கள் மாநிலங்களிடம் கொடுக்கப்பட்டன. வடித்து விளைநிலம் ஆக்கவேண்டும் என்பதே நோக்கம். விளைவு என்ன? அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக, 1780களில் இருந்த சதுப்பு நிலத்தில் பாதிக்குமேல் இருநூறு ஆண்டுகளில் மறைந்துபோயிற்று.

சதுப்பு நிலம் பஞ்சு போன்றது. பெருமழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும்; வயலிலிருந்து உரம் கலந்து வரும் நீரை வடிகட்டும். டக்கோட்டா மாநிலங்களில் பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற சிறு குட்டைகள் எண்ணற்றவை. காட்டு வாத்துகள் அங்கேதான் பெருந்தொகையாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. குட்டையை மூடி உழுதால் வாத்து எங்கே போகும்?

ஆனால் நிலம் குடியானவனுடையது. ஊருக்கு நன்மை, அவனுக்கு நட்டம் என்றால் அவன் கேட்பானா? ஆகவே 1970இல் ஒரு சட்டம் வந்தது. பத்தாண்டு ஒப்பந்தம் செய்து, நீர்நிலையை அழிக்காதவருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். 1985இல் மறுபக்கமும் இறுக்கினார்கள்: சதுப்பை வடித்துப் பயிரிட்டால் அரசின் வேளாண் உதவிகள் கிடைக்கமாட்டா. 1990இல்தான் பெரிய திட்டம் பிறந்தது. 2014இல் அது வேறு திட்டங்களோடு இணைக்கப்பட்டு இன்றும் நடைபெறுகிறது.

இதில் நிலத்தை விற்பதில்லை. பட்டா சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். வரியும் அவரே கட்டுவார். மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், பிறர் நுழையாமல் தடுக்கலாம். பயிரிடும் உரிமையை அரசுக்கு விற்றுவிடுகிறார். நிரந்தரமாக விற்றால் அவ்வுரிமைக்குக் கணக்கிட்ட மதிப்பு முழுவதும் கிடைக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மட்டும் என்றால் அதில் 50 முதல் 75 விழுக்காடு. பழைய கான்களை அடைத்து, நீரை மீண்டும் நிறுத்தும் செலவிலும் அரசு பெரும்பங்கு ஏற்கும். 1993இல் மிசிசிப்பி, மிசூரி ஆறுகள் பெருகியபோது, வெள்ளம் நாசமாக்கிய தாழ்வான வயல்களை மறுபடி சீர்செய்வதைவிட இத்திட்டத்தில் சேர்ப்பதே மேல் என்று பலர் முடிவு செய்தார்கள்.

நிரந்தரம் என்ற சொல்லில் நாம் சற்று நிற்கவேண்டும். தந்தை இன்று கையெழுத்திட்டுப் பணம் வாங்குகிறார். நாளை மகனும் பேரனும் அந்த நிலத்தில் ஏர் பூட்ட முடியாது. வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். முப்பது ஆண்டு என்றால் பணம் குறைவு, ஆனால் பிள்ளைகளுக்கு மறுபடி யோசிக்க வழியுண்டு. எங்களைக் கேட்டால், வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசாமல் போடக்கூடிய கையெழுத்தல்ல இது.

வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "சார், அந்த வயலில் கூலி வேலை செய்தவங்களுக்கு என்ன கொடுப்பாங்க?" லயத்தில் வளர்கிற பிள்ளைக்கு வேறெந்தக் கேள்வி முதலில் வரும்! மானியம் பட்டாவில் பெயர் உள்ளவருக்கே போகிறது. கான் அடைக்க ஆள் வேண்டும். மிசிசிப்பிக் கரையில் சோயா விளைந்த இடங்களில் ஓக் மரக்கன்றுகள் நடவும் ஆள் வேண்டும். அது சில நாள் வேலை. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் உழவும் இல்லை, அறுவடையும் இல்லை. அவளிடம் அப்படியே சொன்னோம்.